புது வண்டியை முதல் வாரத்திலேயே கொல்லாதீர்கள்



2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் சொந்தப் பாவனை வாகனங்களுக்கும் திறந்தது. இப்போது பதுளை டவுனில் புது வண்டிகள் கண்ணில் படுகின்றன. மாஷா அல்லாஹ், சந்தோஷம். ஆனால் வண்டி வந்த மறுநாள் நாம் என்ன செய்கிறோம்? குடும்பம் முழுக்க ஏற்றி, மேலே சாமானும் கட்டி, ஹப்புத்தளை மேட்டில் ஒரே மூச்சாக ஏற்றுகிறோம். "அடிச்சு ஓட்டினாத்தான் எஞ்சின் திறக்கும்" என்று பக்கத்து வீட்டு நானா சொன்னாராம்!

சொல்பவர்களிடம் கேட்கிறோம்: எஞ்சினுக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரியுமா?

புது சிலிண்டரின் உட்சுவரில் மெல்லிய கோடுகள் இருக்கும். பிஸ்டன் ரிங்குகள் அதில் உரசி உரசித்தான் சுவரோடு பொருந்தும். பொருந்தும் முன் பெரிய பாரமும் சூடும் கொடுத்தால் சுவர் கீறுப்படும். பிறகு ஓயில் எரியும், நீலப் புகை வரும், இழுவை குறையும்.

இன்னொரு பக்கமும் உண்டு. பயந்து பயந்து ஊர்ந்து போவதும் பிழை. ரிங் பொருந்த ஓரளவு பாரம் வேண்டும். கூட்டிக் குறைத்து, நடுத்தரமாக ஓட்ட வேண்டும். டொயோட்டா கையேட்டில் இருப்பதும் இதுதான்: முதல் 1000 கிலோமீற்றருக்கு அதிவேகம் வேண்டாம், திடீரென முறுக்க வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்ட வேண்டாம். முதல் 300 கிலோமீற்றருக்குத் திடீர் பிரேக்கும் வேண்டாம். "இப்பத்தய எஞ்சினுக்கு இதெல்லாம் தேவையில்லை" என்பவர்கள் அந்தப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையையாவது கிழித்தார்களா?

நம் ஊர் மேடு பள்ளம். அதனால் இரண்டு விஷயம் முக்கியம்.

ஒன்று, மேட்டில் எஞ்சின் திணறும் வரை பெரிய கியரில் இழுக்காதீர்கள். முன்கூட்டியே கியரைக் குறையுங்கள். பாரத்தையும் குறையுங்கள். சூடு ஏறினால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள்.

இரண்டு, இறக்கத்தில் நியூட்ரல் போடாதீர்கள். பெற்றோல் மிச்சம் என்ற கதை பழையது. இன்ஜெக்ஷன் எஞ்சினில் கியரில் இருந்து காலை எடுத்தால் பெற்றோல் தானாகவே நிற்கும்; நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கும் பெற்றோல் செலவாகும். அதைவிட, பசறை, எல்ல இறக்கங்களில் முழுப் பாரத்தையும் பிரேக் மட்டும் தாங்கினால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும். அங்கே போகப்போவது எஞ்சின் அல்ல, உயிர்.

நாங்களும் நல்லவர்கள் இல்லை. எங்கள் வீட்டுக்கு முதல் ஓட்டோ வந்த வாரமே ஆறு பேரும் இரண்டு அரிசி மூட்டையுமாகப் பண்டாரவளைக்குப் போனோம். முதல் சேர்விஸையும் "கம்பனிக்காரன் காசு பிடுங்குற வேலை" என்று தள்ளிப்போட்டோம். உரசலில் வந்த இரும்புத் தூள் அந்த முதல் ஓயிலில்தான் சேரும் என்று அப்போது தெரியாது. லீசிங் முடியும் முன் எஞ்சினைப் பிரித்தோம். கராஜ் பாஸ் ரிங்குகளைக் கையில் வைத்துக் காட்டியபோது தலை குனிந்துதான் நின்றோம். ஓயில் மாற்றும் காசை மிச்சம் பிடிக்கப் போய் எஞ்சின் செய்யும் காசைக் கொடுத்தோம்.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றும் தம்பிமாருக்கு இதை அழுத்திச் சொல்கிறோம். காலையில் ஒரு ஓட்டோவில் இருந்து இறங்கும் பிள்ளைகளை வாசலில் நின்று எண்ணுகிறோம். சில நாள் எண்ணவே பயமாக இருக்கிறது. அந்த வண்டி உங்கள் பிழைப்பு. மாதா மாதம் தவணை கட்டுவதும் அதை வைத்துத்தான். அதில் ஏறும் பிள்ளைகள் பெற்றோர் உங்களிடம் தந்த அமானிதம். புதிதோ பழையதோ, அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

முதல் 1000 கிலோமீற்றர் பொறுமை, நேரத்துக்கு முதல் ஓயில் மாற்றம், இறக்கத்தில் கியர். இவ்வளவுதான் கேட்கிறோம். புது வண்டி எடுத்தவருக்கு முட்டாய் கேட்கும் முன் இதைச் சொல்லிவிடுங்கள்.