இன்சுலினைக் கண்டுபிடித்தவர் யார் என்று இனியும் கேளாதீர்

அண்மையில் கல்லூரிகளுக்கிடையிலான கட்டுரைப் போட்டி ஒன்றுக்கு நடுவராக இருக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ‘மருத்துவத்தை மாற்றிய கண்டுபிடிப்புகள்’ என்பது தலைப்பு. வந்தவற்றுள் பெரும்பாலானவை இன்சுலினைப் பற்றியவை. நீரிழிவு நுழையாத வீடு அரிதாகிவிட்ட காலத்தில் இதில் வியப்பில்லை. அத்தனை கட்டுரைகளும் ஒரே கதையைச் சொன்னதுதான் வியப்பு. ஏழை மருத்துவர் ஒருவர், நள்ளிரவில் ஒரு கனவு, ஏளனம் செய்த பேராசிரியர், துணைக்கு ஓர் இளைஞர், சில நாய்கள், ஓர் ஊசி, சாகக் கிடந்த சிறுவன் எழுந்து உட்கார்ந்தான், கண்டுபிடித்தவர் உரிமையை ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டு நோபல் பரிசு பெற்றார். சுபம்.

பரிசு பெற்ற கட்டுரையை நம் வகுப்பில் படித்துக் காட்டினோம். இரண்டாவது வரிசையில் ஒரு மாணவி. பத்து வயது முதல் நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். அவர் எழுந்து கேட்டார்: “ஐயா, அந்தப் பையன் பேரு என்ன? அதுக்கப்புறம் எத்தனை வருஷம் இருந்தான்?”

நமக்குத் தெரியவில்லை. கட்டுரையிலும் இல்லை. பாண்டிங் என்ற பெயரை வினாடி வினாவுக்காக மனப்பாடம் செய்திருந்த நாம், அம்மருந்தை உடலில் முதலில் ஏற்றவனின் பெயரை அறிந்திருக்கவில்லை. அந்த வெட்கத்தில் மூல அறிக்கைகளையும், மைக்கேல் பிளிஸ் 1982இல் வெளியிட்ட இன்சுலின் வரலாற்றையும் தேடிப் படித்தோம். படித்தபின் ஒன்று தெளிவாயிற்று. நாம் மாணவர்க்குச் சொல்லிவரும் கதை வெறும் சுருக்கம் அன்று, அது பொய்.

முதலில் அந்தக் கனவு. 1920 அக்டோபர் 31ஆம் நாள் அதிகாலை இரண்டு மணிக்குப் பிரெடெரிக் பாண்டிங் ஒரு குறிப்பு எழுதினார் என்பது உண்மை. ஆனால் அவர் கனவு காணவில்லை. உறக்கம் வராமல் கிடந்தார். கனடாவின் லண்டன் நகரில் நோயாளிகள் வராத அறுவை மருத்துவர் அவர். மறுநாள் மாணவர்க்கு எடுக்கவேண்டிய பாடத்துக்காக ஓர் ஆய்விதழைப் படித்திருந்தார். அதில் மோசஸ் பாரன் என்ற நோய்க்குறியியலாளர், கணையத்தின் நாளம் கல்லால் அடைபட்ட ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார். செரிமான நீரைச் சுரக்கும் பகுதி சிதைந்திருந்தது. லாங்கர்ஹான் திட்டுகள் சிதையாமல் நின்றன. நாய்களின் கணைய நாளத்தைக் கட்டிவிட்டு, எஞ்சும் திட்டுகளிலிருந்து சாறு எடுத்தால் என்ன என்ற எண்ணம் அப்படிப்புக்குப் பின்னரே எழுந்தது. இலக்கியம் படிக்கும் நமக்கு இது உவப்பான செய்தியல்லவா? ஒரு வாசகரின் உறங்காத இரவு அது. அதைப் போய்க் கனவாக்கிவிட்டோம். படிப்பு தேவையில்லை, அருள் போதும் என்று மாணவர்க்கு மறைமுகமாகக் கற்பிக்கிறோம்.

அடுத்தது இன்னும் கசப்பானது: அந்த எண்ணம் தேவையற்றது என்றே பின்னர்த் தெரிந்தது. நாளத்தைக் கட்டி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதே இல்லை. 1921 மே மாதம் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனைகளில் முதல் சில வாரங்களிலேயே நாய்கள் பல மாண்டன. ஆண்டின் இறுதிக்குள் கசாப்புக்கூடத்திலிருந்து வந்த கன்றுக் கருவின் கணையத்துக்கும், பிறகு வளர்ந்த மாட்டின் கணையத்துக்கும் மாறிவிட்டனர். சாறு அவற்றிலிருந்தே கிடைத்தது. 1922 டிசம்பரில் ஃபிராங்கன் ராபர்ட்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் உடலியங்கியலாளர், இந்தச் சோதனை வரிசையே எண்ணத்திலும் செயலிலும் விளக்கத்திலும் பிழைபட்டது என்று பிரித்தானிய மருத்துவ இதழில் கடுமையாக எழுதினார். ஹென்றி டேல் பாண்டிங்குக்காக வாதாடினார். இவ்வளவு பெரிய சண்டை நடந்த இடத்தில் நம் கதையில் ஒரு கீறலும் இல்லை.

இனி அந்த ஊசி. 1922 ஜனவரி 11, டொராண்டோ பொது மருத்துவமனை. லெனர்ட் தாம்சன். வெளியான அறிக்கை அவனுக்கு வயது 14 என்கிறது. எடை 65 பவுண்டு. முப்பது கிலோவுக்கும் குறைவு. அக்காலத்தில் நீரிழிவுக்கு இருந்த ஒரே மருத்துவம் பட்டினி. சர்க்கரை கொல்லாதிருக்க உணவைக் குறைத்துக் குறைத்து, எலும்பும் தோலுமாக உயிரை நீட்டிப்பது. பாண்டிங்கும் பெஸ்ட்டும் எடுத்த கலங்கலான சாறு அவன் உடலில் செலுத்தப்பட்டது. இரத்தச் சர்க்கரை 440இலிருந்து 320க்கு இறங்கியது. அவ்வளவுதான். ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்தது. ஊசி நிறுத்தப்பட்டது.

அதாவது, நாம் கொண்டாடும் அந்த முதல் ஊசி தோற்றது.

பன்னிரண்டு நாள் கழித்து, ஜனவரி 23 அன்று மீண்டும் ஊசி போடப்பட்டது. ஒரே நாளில் சர்க்கரை 520இலிருந்து 120க்கு வந்தது. நாள்கள் செல்லச் செல்லச் சிறுவனின் முகம் தெளிந்தது, எழுந்து நடமாடினான். இந்தச் சாற்றை எடுத்தவர் பாண்டிங் அல்லர்; பெஸ்ட்டும் அல்லர். அவர் பெயர் ஜேம்ஸ் பெர்ட்ராம் காலிப். ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வு விடுப்பில் வந்திருந்த உயிர்வேதியியலாளர். 1921 டிசம்பரில் குழுவில் சேர்ந்தார். ஆல்கஹாலின் செறிவை ஒவ்வொரு படியாக உயர்த்தி, எந்த அளவில் தேவையற்ற புரதங்கள் படிகின்றன, எந்த அளவில் மருந்துப்பொருள் தானே படிகிறது என்று தேடினார். தொண்ணூறு விழுக்காட்டைக் கடந்த இடத்தில் அது படிந்தது. சாற்றின் வலிமையை அளக்க நலமான முயல்களைப் பயன்படுத்தினார். அளவு மிஞ்சினால் முயல்கள் வலிப்புற்று விழுவதையும், குளுக்கோஸ் கொடுத்தால் எழுவதையும் கண்டார். இன்று இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒவ்வொருவரும் கைப்பையில் மிட்டாய் வைத்திருப்பதற்கான காரணத்தை முதலில் கண்ணாரக் கண்டவர்களுள் ஒருவர் அவர். போட்டிக்கு வந்த எந்தக் கட்டுரையிலும் அவர் பெயர் இல்லை.

அந்தப் பன்னிரண்டு நாள்களில் ஆய்வகத்தில் நடந்தது அழகான காட்சியன்று. தம் சாறே முதலில் சோதிக்கப்பட வேண்டும் என்று பாண்டிங் வற்புறுத்தியதால்தான் ஜனவரி 11 நேர்ந்தது. தூய்மையாக்கும் வழியைக் கண்டதும் காலிப் அதைச் சொல்ல மறுத்தார். கைகலப்பு நிகழ்ந்ததாக உடனிருந்தோர் பின்னாளில் எழுதியுள்ளனர். ஜனவரி 25 அன்று, எவரும் தனியாகக் காப்புரிமை நாடுவதில்லை என்று எழுதிக் கையொப்பமிட வேண்டியதாயிற்று. போட்டியும் பொறாமையும் கொண்ட மனிதர்களே இதைச் செய்தனர். தெய்வங்கள் செய்யவில்லை.

ஏளனம் செய்த பேராசிரியராக நம் கதையில் வருபவர் ஜே. ஜே. ஆர். மக்லியாட். 1921 கோடையில் அவர் ஸ்காட்லாந்துக்குச் சென்றுவிட்டார் என்பதே அவர்மீதான குற்றப்பத்திரிகை. இடமும் நாய்களும் உதவியாளரும் கொடுத்தவர் அவர். ஒப்பிட்டுச் சரிபார்க்கும் சோதனைகள் இல்லாமல் எதையும் நம்ப மறுத்தவர் அவர். காலிப்பைக் குழுவில் சேர்த்தவரும் அவர். 1923இல் நோபல் பரிசு பாண்டிங்குக்கும் மக்லியாட்டுக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. பாண்டிங் தம் பங்கைப் பெஸ்ட்டோடு பகிர்ந்தார்; மக்லியாட் தம் பங்கைக் காலிப்போடு பகிர்ந்தார். முதல் பகிர்வைச் சொல்லி நெகிழ்கிறோம். இரண்டாவதை ஏன் விழுங்கினோம்?

அந்த ஒரு டாலர்க் கதையும் அவ்வாறே. மருத்துவர் ஒருவர் மருந்துக்கு உரிமை கோரலாகாது என்று முதலில் தம் பெயரைச் சேர்க்கவே பாண்டிங் மறுத்தார். இறுதியில் பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தனர். வேறு எவரும் அதைத் தனியுடைமை ஆக்கிவிடக்கூடாது என்பதே நோக்கம். மூவரின் அறம் அது. ஒருவர் கணக்கில் மட்டும் வரவு வைத்துவிட்டோம்.

டொராண்டோவுக்கு வெளியேயும் பார்க்கவேண்டும். கணையத்தை அகற்றினால் நாய்க்கு நீரிழிவு வருகிறது என்று 1889இலேயே மின்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் காட்டிவிட்டனர். 1908இல் பெர்லினில் சூல்சர் கணையச் சாற்றை நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார். நச்சு விளைவுகளால் நின்றது. 1919இல் கிளைனர் நாய்களில் நல்ல முடிவுகளை வெளியிட்டார். புக்கரெஸ்டின் நிக்கோலாய் பவுலெஸ்கு, கணையச் சாறு நாய்களின் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதை 1921 ஆகஸ்டில், டொராண்டோவின் முதல் கட்டுரைக்கு அரையாண்டு முன்பே, பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். பாண்டிங்கும் பெஸ்ட்டும் 1922 பிப்ரவரிக் கட்டுரையில் அவரைச் சுட்டினர். ஆனால் அவர் முடிவைத் தவறாகப் படித்துத் தலைகீழாகச் சொல்லிவிட்டனர். தம் பிரெஞ்சு அறிவின் குறையாக இருக்கலாம் என்று 1969இல் பெஸ்ட் ஒரு கடிதத்தில் வருந்தினார். ஒரு மொழிபெயர்ப்புப் பிழை ஒருவரின் முன்னுரிமையை அரை நூற்றாண்டு காலம் மறைக்கத் துணைநின்றது என்பதை மொழி கற்பிக்கும் நாம் கவனியாமல் வேறு யார் கவனிப்பர்?

பவுலெஸ்குவைப் புதிய நாயகன் ஆக்கவும் நாம் ஒப்போம். அவருடைய சாறு நோயாளிகளுக்குத் தொடர்ந்து கொடுக்கத்தக்க தூய மருந்தாக வளரவில்லை. யூதர்களுக்கு எதிரான வெறுப்பு எழுத்துகளும் அவருடையவை. அதன் பொருட்டே 2003இல் பாரிசில் அவருக்கு நடக்கவிருந்த சிறப்பு நிகழ்ச்சி கைவிடப்பட்டது. நாயகரை மாற்றுவது தீர்வாகாது. நாயகக் கதையையே கைவிடவேண்டும்.

“மாணவர்க்கு ஊக்கம் தர ஒரு நாயகன் வேண்டாமா? பாண்டிங் இல்லையென்றால் இது நடந்திருக்குமா?” என்று நண்பர் ஒருவர் நம்மிடம் வாதிட்டார். பாண்டிங்கின் பிடிவாதம் இல்லையேல் டொராண்டோவில் இப்பணி தொடங்கியே இராது. அதை மறுப்பவர் அல்லோம். ஆனால் இக்கதை தரும் ஊக்கம் எத்தகையது? ஒரே இரவில் ஒளி தோன்றுபவர்க்கே ஆய்வு என்றால், ஒளி தோன்றாத மாணவன் தனக்கு இது ஆகாது என்று ஒதுங்குவான். மாறாக, முதல் எண்ணம் தேவையற்றதாக முடிந்தது, முதல் ஊசி தோற்றது, இன்னொருவர் வந்து ஆல்கஹாலின் அளவைத் திருத்தினார், அதன்பின் ஒரு சிறுவன் பிழைத்தான் என்று சொல்லிப்பாருங்கள். தோற்ற இடத்தில் நின்றுவிடாதவனுக்கு இதில் இடம் உண்டு.

மூல அறிக்கையின் பண்பையும் சொல்லவேண்டும். 1922 மார்ச்சில் கனடிய மருத்துவச் சங்க இதழில் அது வந்தது. பாண்டிங், பெஸ்ட், காலிப், கேம்பெல், ஃபிளெச்சர் என ஐவர் பெயர்கள். ஏழு நோயாளிகள். தலைப்பிலேயே ‘முதற்கட்ட அறிக்கை’ என்ற அடக்கம். ஜனவரி 11இன் ஊசியால் நோயாளிக்குக் குறிப்பிடத்தக்க நன்மை விளையவில்லை என்று அவர்களே அதில் எழுதினர். தோல்வியை மறைத்தவர்கள் அவர்கள் அல்லர், நாமே. இத்தனைக்கும், பாடினோர் வேறு, தொகுத்தோர் வேறு, தொகுப்பித்தோர் வேறு என்று எட்டுத்தொகை நூல்கள் சிலவற்றுக்குப் பெயர் பெயராகக் குறித்துவைத்த மரபு நம்முடையது. பாடியவர் பெயர் தெரியாத இடத்தில் அவர் பாட்டின் தொடரையே பெயராக்கிப் போற்றிய மரபு. அம்மரபைப் பாடம் நடத்திவிட்டு, ‘கண்டுபிடித்தவர் யார்? ஒரு சொல்லில் விடை தருக’ என்று வினாத்தாள் எழுதுகிறோம். இதைவிட முரண் உண்டா?

இனிச் செய்யவேண்டியது எளிது. ‘யார்’ என்பதை விட்டு ‘எப்படி’ என்று கேட்போம். ஒரு கண்டுபிடிப்பைப் பற்றி எழுதுபவர், அதன் முதல் அறிக்கையில் எத்தனை பெயர்கள் இருந்தன, எது தோற்றது, மருந்தை ஏற்றவர் என்ன ஆனார் என்ற மூன்றையும் சொல்லட்டும். மறுப்பவர் சான்றோடு மறுக்கட்டும், திருத்திக்கொள்வோம்.

அம்மாணவிக்கு அடுத்த வாரம் விடை சொன்னோம். அவன் பெயர் லெனர்ட் தாம்சன். பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். 1935இல் நிமோனியாவால் இறந்தான். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “முதல் ஊசி வேலை செய்யலன்னதும் அந்தப் பன்னிரண்டு நாள் அவன் எப்படி இருந்திருப்பான்?” என்றார். எந்த அறிக்கையிலும் அதற்கு விடை இல்லை. அடுத்த ஆண்டுப் போட்டிக்கு நாம் எழுதிக்கொடுத்திருக்கும் தலைப்பு இது: ‘ஜனவரி 11 முதல் ஜனவரி 23 வரை’.