இரட்டையர் ஆட்டம் என்றால் இளப்பமா?

சென்ற மாதம் காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் எங்கள் தெரு நண்பர் ஒருவரைச் சந்தித்தேன். "சார், பள்ளியில் என் பெண்ணை டென்னிஸ் இரட்டையர் ஆட்டத்தில் போட்டுவிட்டார்கள். தனியாக ஆட லாயக்கில்லை என்றுதானே அர்த்தம்? நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன்" என்று குறைபட்டுக்கொண்டார்.

ஊரை விட்டு வந்து பிழைக்கும் நமக்கு, பிள்ளை தனித்து முதலிடத்தில் நிற்கவேண்டும் என்ற ஆசை இயல்புதான். ஆனாலும் இந்தக் கணக்கு தவறு என்பேன்.

இதே பெங்களூரில் 1980-இல் பிறந்தவர் ரோஹன் போபண்ணா. தனிநபர் விளையாட்டு ஒன்றைக் கற்கட்டும் என்றுதான் குடகில் அவர் தந்தை டென்னிஸில் சேர்த்தார். (குடகுக்கு இன்னும் ரயில் போகவில்லை, அது என் கவலை!) மகனோ புகழ் பெற்றது ஜோடி ஆட்டத்தில். 2010-இல் பாகிஸ்தானின் ஐசாம் குரேஷியோடு அமெரிக்க ஓபன் இறுதிவரை சென்றார். அந்த ஜோடிக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் 'இந்தோ-பாக் எக்ஸ்பிரஸ்'. 2017-இல் பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையர் பட்டம். 2021-இல் மாதக்கணக்கில் தொடர் தோல்வி. முழங்கால் குருத்தெலும்பும் தேய்ந்த நிலை. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்திருக்கிறார். ஐயங்கார் யோகா கைகொடுத்தது. 2024 ஜனவரியில் மெல்போர்னில், ஆஸ்திரேலியரான மாத்யூ எப்டனுடன் சேர்ந்து, பொலெல்லி, வவசோரி என்ற இத்தாலிய ஜோடியை வென்று பட்டம் பெற்றார். அப்போது வயது 43! இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடமும் அந்த வயதில்தான். 2025 நவம்பரில் ஓய்வை அறிவித்தார்.

தனி ஆட்டத்துக்கு மைதான அகலம் 27 அடி, இரட்டையருக்கு 36. வலையருகே நிற்கும் எதிராளி பந்தை வெட்டிவிடுவான். கூட்டாளி எங்கே நிற்கிறான் என்பதைத் திரும்பிப் பாராமலே அறியவேண்டும். இது தனி வித்தை. சக்லேஷ்பூர் மலைப்பாதையில் சரக்கு வண்டிக்குப் பின்னாலிருந்தும் இஞ்சின் தள்ளும். முன் இஞ்சின் டிரைவர் அவர் கண்ணுக்கே தெரியமாட்டார். ஆனாலும் இருவரும் ஒத்து ஓட்டவேண்டும். பின்னால் இருப்பவரை மட்டமானவர் என்று ரயில்வேயில் எவரும் சொன்னதில்லை.

வருமானம் குறைவு என்பது உண்மை. அதே மெல்போர்னில் ஒற்றையர் வெற்றியாளருக்கு 31.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். இரட்டையர் ஜோடிக்கோ இருவருக்குமாக 7.3 லட்சம்தான். அதைப் பள்ளிப் பிள்ளையிடம் இப்போதே கணக்குப் பார்ப்பானேன்?

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். "பார்க்கலாம் சார்" என்றார். போன ஞாயிறு வீலர் ரோடில் அவர் ஸ்கூட்டர் போயிற்று. பின்னால் மட்டையோடு மகள். அவளுக்கும் பின்னால் ஒண்டிக்கொண்டு இன்னொரு பெண், அவள் கையிலும் ஒரு மட்டை. மூன்று பேர் போவது சட்டப்படி தவறு. அதை வேறொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.