பெற்றோரும் பாடத்திட்டமும்

இந்நாட்டில் இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டு தொடங்கிற்று. 1980 முதல் பாடநூல்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயினும், வீட்டு மேசையிற் கிடக்கும் அந்நூல்களைத் திறந்து பார்த்த பெற்றோர் எத்துணைப் பேர்? பிள்ளை வந்ததும் எத்தனை புள்ளி என்று கேட்கின்றோம். என்ன படித்தாய் என்று கேட்க மறந்துவிடுகின்றோம்.

இதனால் விளையுங் கேடு பத்தாந் தரத்தில் வெளிப்படுகின்றது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு இப்போது ஒன்பது பாடங்கள். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லார்க்கும் பொதுவானவை. எஞ்சிய மூன்றையும் மூன்று தொகுதிகளிலிருந்து மாணவரே தெரிதல் வேண்டும். சித்திரத்தில் விருப்புள்ளவன் நண்பன் பின்னே சங்கீத வகுப்பிற்குப் போய்விடுகின்றான், வீட்டார் அறியார். பின்னர்த் தனியார் கல்வி நிலையங்களுக்குப் பணத்தை இறைத்துப் பயன் என்ன?

பெற்றோரைக் குறை கூறுதல் எம் நோக்கமன்று. நம்மிற் பலரும் பெற்றோரே. வயலிலும் கடலிலும் கடையிலும் உழைப்போர்க்கு இவற்றை எடுத்துரைப்பார் யார்? தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் பாடத்திட்டங்களும் ஆசிரியர் வழிகாட்டிகளும் பெரும்பாலும் ஆசிரியர் அறையோடு நின்றுவிடுகின்றன.

விழா நினைவாகக் கட்டடம் எழுப்புதல் நன்று. அதனினும் நன்று, தவணைதோறும் ஒரு மாலைப்பொழுதிற் பெற்றோரை அழைத்து, அத்தவணையிற் கற்பிக்கப்படுவனவற்றை ஆசிரியரும் பழைய மாணவரும் எளிய தமிழில் விளக்குதல். ஒன்பதாந் தரத்துப் பெற்றோரை முதலில் அழைப்போமாக. அதற்காகுஞ் செலவு சில கோப்பைத் தேநீரே. அதன் பயனோ பிள்ளைகளின் எதிர்காலம்.