“டல்லா இருக்கே!” - இது இங்கிலீஷா?

காலை எட்டு மணிக்கு ஆலங்குடி பஸ் நிலையத்தில் நின்று பாருங்கள். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் கூட்டமாக நிற்பார்கள். ஒருத்தியின் முகம் வாடியிருந்தால், பக்கத்தில் நிற்கும் தோழி கேட்பாள்:

“ஏன்டி இன்னைக்கு டல்லா இருக்கே?”

பெட்டிக்கடைக்காரர் சொல்வார்: “ரெண்டு நாளா வியாபாரம் டல்லு!”

பால்காரர் மேலே பார்த்துச் சொல்வார்: “வானம் டல்லா இருக்கே, மழை வருமோ?”

மூன்று பேர் வாயிலும் ஒரே வார்த்தை. தமிழ்ப் பேச்சில் மூன்றும் சரி. யாருக்கும் அர்த்தம் புரியாமல் போகாது. ஆனால் இந்த மூன்றையும் இங்கிலீஷில் எழுதிப் பாருங்கள். இரண்டு தேறும். ஒன்று தேறாது.

தேறாதது எது? கல்லூரிப் பெண் சொன்னதுதான்!

பெயர் ஒன்று, ஊர் வேறு

வியாபாரத்தை “டல்” என்று வெள்ளைக்காரனும் சொல்வான். வானத்தையும் சொல்வான். மழுங்கிய கத்தியைச் சொல்வான். மங்கிய சாயத்தைச் சொல்வான். ஆனால் ஒரு மனிதனைப் பார்த்து “யூ ஆர் டல்” என்றால், “நீ வருத்தமாக இருக்கிறாய்” என்று அர்த்தம் இல்லை. “நீ மந்தபுத்திக்காரன்” என்று அர்த்தம். அல்லது, “உன்னோடு பேசினால் கொட்டாவி வருகிறது” என்று அர்த்தம்!

குரு பகவானைத் தரிசிக்க வேண்டும் என்று கிளம்பும் ஒருவர், “ஆலங்குடி” என்ற பலகையை மட்டும் பார்த்து பஸ் ஏறினால் என்ன ஆகும்? குரு கோவில் உள்ள ஆலங்குடி திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. நம் ஆலங்குடி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. பெயர் ஒன்று, ஊர் வேறு. நம் “டல்” வேறு, இங்கிலீஷ்காரனின் “டல்” வேறு.

இது சின்ன விஷயம் என்று தோன்றலாம். அப்படி அல்ல.

நம் பக்கத்துப் பையன் ஒருவன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான் என்று வைத்துக் கொள்வோம். ஊரில் தாயாருக்கு உடல்நலம் இல்லை என்று தகவல் வருகிறது. மனம் ஒடிந்து போகிறான். வேலையில் கை ஓடவில்லை. மேலதிகாரிக்குச் செய்தி எழுதுகிறான்: “சார், ஐ ஆம் டல் டுடே.”

அதைப் படிக்கிறவருக்கு அவன் கண்ணீர் தெரியுமா? தெரியாது. “நான் இன்று மந்தம்” என்றுதான் தெரியும். ஆறுதல் சொல்ல வேண்டியவர் எரிச்சல் அடைவார். குற்றம் அவரிடமும் இல்லை, பையனிடமும் இல்லை. வார்த்தை காலை வாரிவிட்டது!

“ஐ ஆம் வெரி ஸாட். மை மதர் இஸ் இல்.” இப்படி எழுதியிருந்தால் போதும். “நான் மிகவும் வருத்தத்தில் இருக்கிறேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை.” மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த வார்த்தைகள்தான்.

மப்பும் மந்தாரமும்

“டல்” வேண்டாம் என்றால், அகராதியைப் புரட்டுகிறார்கள். “க்ளூமி” என்று ஒரு வார்த்தை அகப்படுகிறது. “இருண்ட, சோகமான” என்று எதிரில் போட்டிருக்கிறது. உடனே அதை எல்லா இடத்திலும் ஒட்டுகிறார்கள்.

இந்த வார்த்தையைப் புரிந்துகொள்ள அகராதி தேவையில்லை. நம் பாட்டியிடம் கேளுங்கள். மழை பெய்யாமல், வெயிலும் அடிக்காமல், வானம் மூடிக் கிடந்தால் பாட்டி என்ன சொல்வாள்? “மப்பும் மந்தாரமுமா இருக்கு.” அதுதான் க்ளூமி! வெளிச்சம் குறைந்து, பார்க்கிறவர் மனமும் சுருங்குகிறதே, அந்த நிலை.

அதனால் வானத்துக்குச் சொல்லலாம்: “தி ஸ்கை இஸ் க்ளூமி.” ஜன்னல் இல்லாத அறைக்குச் சொல்லலாம்: “தி ரூம் இஸ் க்ளூமி.” உம்மென்று உட்கார்ந்திருப்பவனுக்குச் சொல்லலாம்: “ஹி லுக்ஸ் க்ளூமி.” நம்பிக்கை தராத செய்திக்கும் சொல்லலாம்: “க்ளூமி நியூஸ்.”

ஆனால் எழவு வீட்டில் சொல்லக் கூடாது. கணவனை இழந்து கதறும் பெண்ணை “க்ளூமி” என்றால், “மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்” என்பதுபோல் ஆகிவிடும். பெரிய துக்கத்துக்கு அது பற்றாது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தது. ஆலங்குடி, கீரமங்கலம் வட்டாரத்தில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பல கிராமங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அன்று விளக்கு இல்லாத வீட்டை “க்ளூமி” என்று சொல்லலாம். பிள்ளைபோல் வளர்த்த மரங்களைப் பறிகொடுத்து நின்ற விவசாயியை? “டல்” என்றால் அவமானம். “க்ளூமி” என்றால் குறைவு. “ஹார்ட் புரோக்கன்” - நெஞ்சு உடைந்தவர். அதுதான் சரி.

“மூட் அவுட்” கதை

இன்னொன்று, “மூட் அவுட்.” நம் பிள்ளைகள் தினமும் சொல்கிறார்கள். அப்படி ஒரு பிரயோகம் இங்கிலீஷில் கிடையாது! “ஐ ஆம் இன் எ பேட் மூட்” என்று உண்டு. அதற்கும் “சிடுசிடுப்பில் இருக்கிறேன், கிட்டே வராதே” என்றுதான் அர்த்தம். மனம் சோர்ந்திருந்தால் “ஐ ஃபீல் லோ” என்று சொன்னால் போதும்.

என்ன செய்ய வேண்டும்?

பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். இதை முதலில் சொல்ல வேண்டும். தப்பாகப் பேசுகிற பிள்ளை ஒரு நாள் சரியாகப் பேசும். சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்ட பிள்ளை பேசவே பேசாது.

இரண்டாவது, வார்த்தையைத் தனியாக மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். “க்ளூமி என்றால் சோகம்” என்று நூறு முறை எழுதினாலும் பயன் இல்லை. எந்தப் பொருளோடு எந்த வார்த்தை சேரும் என்று வாக்கியமாகச் சொல்லிக் கொடுங்கள். தமிழிலும் அப்படித்தானே? முகம் வாடும், கத்தி மழுங்கும், உடம்பு சோரும். கத்தி வாடியது என்று யாராவது சொல்வோமா?

இந்த வழி நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். வயல்வேலைக்கும் கல் உடைக்கவும் போன பெண்கள் இரவில் எழுத்துக் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். தங்கள் வாழ்க்கையில் புழங்கும் சொற்களைக் கொண்டே படித்தார்கள். அதனால்தான் படிப்பு ஒட்டிக்கொண்டது. இங்கிலீஷையும் அதே வழியில் ஏன் கற்றுக் கொடுக்கக் கூடாது?

மூன்றாவது, பெற்றோருக்கு. பிள்ளை “டல்லா இருக்கு” என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். பசியும் டல்தான், காய்ச்சலும் டல்தான், பள்ளியில் யாரோ அடித்ததும் டல்தான்! “என்னம்மா செய்கிறது? உடம்பா, மனசா?” என்று கேளுங்கள். பிள்ளை சரியான வார்த்தையைத் தேடிச் சொல்லட்டும். தமிழில் சொன்னாலும் சரி, இங்கிலீஷில் சொன்னாலும் சரி.

நோய் இன்னது என்று தெரிந்தால்தான் மருந்து கொடுக்க முடியும். வருத்தமும் அப்படித்தான்.