ஆறு தந்தி, ஒரு மைக்

மைசூரில் ஹெப்பாள் என்றால் தொழிற்பேட்டை. பெங்களூரில் விமான நிலையச் சாலையில் இருக்கும் ஹெப்பாள் வேறு. சாஃப்ட்வேர் நிறுவனமான இன்ஃபோசிஸின் மாபெரும் பயிற்சி வளாகம் மைசூர் ஹெப்பாள் பகுதியில்தான் இருக்கிறது. தமிழகக் கல்லூரிகளில் படிப்பை முடித்த எத்தனையோ இளைஞர்களின் உத்தியோக வாழ்க்கை இங்கேதான் ஆரம்பமாகியிருக்கிறது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை, அடுத்த சம்பளத்தில் தனக்கு ஒரு கிட்டார் என்பது இந்த வயதின் நியாயமான ஆசை. இன்று அந்த ஆசையோடு இன்னும் இரண்டு ஒட்டிக்கொண்டு வருகின்றன. இசையின் இலக்கணத்தையும் கற்க வேண்டும். வாசித்ததை அறையிலேயே பதிவு செய்து நாலு பேருக்கு அனுப்பவும் வேண்டும்.

ஆசைக்குக் குறைவில்லை. அதன் ஆயுள்தான் குறைவு. அமெரிக்க கிட்டார் நிறுவனமான ஃபெண்டரின் தலைவராக 2015ல் பொறுப்பேற்ற ஆண்டி மூனி, புதிதாகப் பழகத் தொடங்குவோரில் சுமார் 90 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் விட்டுவிடுகிறார்கள் என்று சொல்லிவந்தார். விற்பவரே ஒப்புக்கொண்ட கணக்கு இது.

விரல் வலிதான் காரணம் என்பார்கள். எஃகுத் தந்தி விரல்நுனியை அறுக்கும் என்பது உண்மையே. எஃப் கார்டு வாசிக்க ஆள்காட்டி விரல் ஒன்றே ஆறு தந்திகளையும் சேர்த்து அழுத்த வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் சில வாரங்களில் விரல் காய்த்துவிடும், வலி போய்விடும். தடை வேறு இடத்தில் இருக்கிறது. வாசிக்கும்போது கவனமெல்லாம் விரலில் இருப்பதால், தான் வாசிப்பது எப்படி ஒலிக்கிறது என்பது பழகுபவருக்கே தெரிவதில்லை. குருவின் எதிரே உட்கார்ந்து கற்றால் அவருடைய காது அந்தக் குறையை நிரப்பும். யூடியூபில் வரும் ஆசிரியர் நன்றாகவே பேசுவார், கேட்க மாட்டார். எதிரே குரு இல்லாதவருக்குப் பதிவுக் கருவிதான் அந்தக் காது. முழுப் பாட்டும் கைவந்த பிறகு அதைத் தொடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் நாளிலேயே அதற்கு வேலை இருக்கிறது.

கேட்டுக் கேட்டே இசையை வளர்த்துக்கொண்டவர்களில் பெரியவர் ஒருவர் ஹெப்பாளிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்திலுள்ள அரண்மனையில் வாழ்ந்தார். மைசூரின் கடைசி மகாராஜா ஜெயசாமராஜ உடையார், மேடையேறும் பியானோ கலைஞராக வேண்டும் என்று கனவு கண்டவர். 1940ல், 21 வயதில், அரியணை ஏற நேர்ந்ததில் அந்தக் கனவு கலைந்தது. பயிற்சி கலையவில்லை. லண்டன் கில்டுஹால் இசைப் பள்ளியின் லைசென்ஷியேட் பட்டமும், டிரினிட்டி இசைக் கல்லூரியின் கௌரவ ஃபெல்லோ தகுதியும் 1945ல் அவரைத் தேடி வந்தன. ரஷ்ய இசையமைப்பாளர் நிகோலாய் மெட்னர் லண்டனில் நோயுற்று மறக்கப்பட்டுக் கிடந்தபோது, அவருடைய படைப்புகளை இசைத்தட்டுகளாக்கப் பணம் கொடுத்தவர் இவர்தான். மெட்னர் தமது மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை மைசூர் மகாராஜாவுக்கே சமர்ப்பித்தார்.

1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசிப் பாடல்கள் முதன்முறையாகப் பாடப்பட்டன. அந்தக் கச்சேரிக்கும் உடையார் பண உத்தரவாதம் கொடுத்தார். கச்சேரியைப் பதிவு செய்து மைசூருக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டில் அடங்கும். அவரிடமிருந்த இசைத்தட்டுகள் அப்போது சுமார் 20,000 என்று மதிப்பிடப்பட்டது. இத்தனை மேற்கத்திய இசையைக் கேட்டவர் கடைசியில் எழுதியது என்ன? 94 கர்நாடகக் கீர்த்தனைகள். ஒரு இசையைக் கூர்ந்து கேட்கப் பழகிய காது எந்த இசைக்கும் உதவும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

மகாராஜாவுக்கு வசதி இருந்தது, சரி. வசதி இல்லாதவருக்கு? தேனி மாவட்டம் பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த ராசய்யா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையின் இலக்கணத்தைக் கற்றார். கன்னடத் திரையுலகில் புகழ்பெற்ற ஜி.கே. வெங்கடேஷுக்கு உதவியாளராக இருந்தார். ஸ்டூடியோக்களில் கிட்டார் வாசித்துப் பிழைத்துக்கொண்டே, டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். 1976ல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தபோது அவர் பெயர் இளையராஜா. கையும் காதும் இலக்கணமும் அவரிடம் ஒரே சமயத்தில் வளர்ந்தன. முதலில் புத்தகத்தை முடிப்போம், பிறகு வாத்தியத்தைத் தொடுவோம் என்று அவர் காத்திருக்கவில்லை.

இலக்கணம் என்றதும் மிரள்பவர்கள் உண்டு. தமிழ்க் காதுக்கு அதில் பாதி ஏற்கனவே தெரிந்ததுதான். மேற்கத்தியரின் மேஜர் ஸ்கேலை வாசித்தால் நமக்கு அது சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். நேச்சுரல் மைனர் நடபைரவியின் ஸ்வரங்கள். ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் மூன்றையும் சேர்த்து ஒலித்தால் மேஜர் கார்டு. காந்தாரத்தை அரை ஸ்தானம் இறக்கிச் சாதாரண காந்தாரமாக்கினால் மைனர் கார்டு. மகிழ்ச்சிக்கும் ஏக்கத்துக்கும் நடுவே ஒரே ஒரு கட்டைதான் இடைவெளி. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதி ‘நோட்டு ஸ்வரங்கள்’ ஆக்கியது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இந்த ஒட்டுறவுக்கு 200 வயது ஆகிறது.

கிட்டாரின் கட்டைகளும் அந்நியமல்ல. வீணையில் மெழுகின்மேல் பதித்த 24 மெட்டுகள் உண்டு. ஒரு ஸ்தாயிக்கு 12. கிட்டாரிலும் 12ஆவது கட்டைதான் தந்தியின் நடு இடம். அங்கே அழுத்தினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். தந்தியின் நீளம் 65 செ.மீ. என்றால் முதல் கட்டை சுமார் 3.6 செ.மீ. தள்ளி வரும். அடுத்தடுத்த இடைவெளிகள் ஒரே விகிதத்தில் குறுகிக்கொண்டே போகும். மேஜர் ஸ்கேலை ஒரே தந்தியில் வாசிக்க 2, 2, 1, 2, 2, 2, 1 என்று கட்டைகளைத் தாண்டினால் போதும். இந்த ஏழு எண்களை விரல் அறிந்துவிட்டால் கோட்பாட்டுப் புத்தகத்தின் பல பக்கங்கள் தாமே விளங்கும். கட்டைக்குக் கட்டை நடுவிலுள்ள கமகத்துக்குத்தான் தந்தியை வளைக்கவும் வழுக்கவும் வேண்டும். அதுவும் கிட்டாரில் முடியும் என்பதை சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பிரசன்னா கர்நாடகக் கச்சேரி மேடைகளில் வாசித்துக் காட்டியிருக்கிறார்.

பதிவுக்கு வருவோம். ஏ.ஆர். ரஹ்மான் சென்னையில் தன் வீட்டோடு பஞ்சதன் ஸ்டூடியோவை அமைத்தது 1989ல். ‘ரோஜா’ வந்தது 1992ல். அன்று அத்தகைய ஸ்டூடியோ லட்சங்களை விழுங்கும் சமாச்சாரம். இன்று ஒரு செல்போனே போதும். ஒரு மைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்கினால், மிச்சத்தை ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் பார்த்துக்கொள்ளும். கருவி மலிந்ததில் ஒரு ஆபத்தும் உண்டு. பழகுவதற்குப் பதிலாகக் கருவிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே மாலைகள் கழிந்துவிடும்.

தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில மட்டுமே. சி.டி. காலத்திலிருந்து வரும் வழக்கப்படி ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. மனிதக் காது கேட்கும் உச்சம் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். அதன் இரு மடங்குக்கு மேல் அளந்தால் எதுவும் தவறிப்போகாது. எனவே அதைவிடப் பெரிய எண்ணைத் தேடி அலைவது பழகுபவருக்கு வீண்வேலை. மைக்கை கிட்டாரின் ஓட்டைக்கு நேரே வைத்தால் ஒலி ‘கும்’மென்று அடைத்துக்கொள்ளும், 12ஆவது கட்டைக்கு எதிரே ஒரு அடி தள்ளி வைத்தால் தெளியும். வெற்றுச் சுவர்கள் ஒலியைத் திருப்பி அடிக்கும். மெத்தை, போர்வை, துணி அலமாரி ஆகியவை அதை வாங்கிக்கொள்ளும். சாமான் நிறைந்த வாடகை அறை, பளபளக்கும் காலி ஹாலைவிட நல்ல ஸ்டூடியோ. லாரிகள் ஓடும் தொழிற்பேட்டையில் பின்னிரவுதான் உகந்த நேரம். பக்கத்து அறைக்காரரின் சம்மதம் மட்டும் தேவை.

பதிவு செய்த பிறகுதான் படிப்பே ஆரம்பம். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து, இரண்டே கார்டுகளை மாற்றி மாற்றி ஒரு நிமிடம் வாசித்துப் பதிய வேண்டும். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கேட்க வேண்டும். கார்டு மாறும் இடத்தில் தாளம் தயங்குகிறதா? எந்தத் தந்தி சரியாக அழுந்தாமல் ‘டொக்’ என்கிறது? சுருதி இறங்கியிருக்கிறதா? இந்த மூன்று கேள்விகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அடுத்த நாள் அதை மட்டும் திருத்தலாம். முதல் முறை கேட்கும்போது சங்கடமாக இருக்கும். தன் குரலைத் தானே கேட்டாலும் அப்படித்தான் இருக்கிறது. பெரும்பாலோர் அந்தச் சங்கடத்தில் பதிவை அழித்துவிடுகிறார்கள். அழிக்கக் கூடாது. தேதி போட்டு வைக்க வேண்டும்.

ஏனென்றால் முன்னேற்றம் அன்றாடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மூன்றாவது மாதத்தில், ‘எனக்கு இது வராது’ என்று தோன்றும் ஒரு மாலை நிச்சயம் வரும். கிட்டார் மூலைக்குப் போவது அன்றுதான். ஊக்கமூட்டும் பேச்சுகள் அன்றைக்கு உதவாது. முதல் வாரத்துப் பதிவு உதவும். அந்தத் தடுமாற்றத்தையும் இன்றைய வாசிப்பையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு, வித்தியாசத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.