கிணற்று விளைச்சலின் மறுபக்கம்

தில்லி ஆர்.கே.புரத்துச் சேவா பவனில் மத்திய நீர் ஆணையம் இயங்குகிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் தலைமையகமோ பரீதாபாத்தில். ஆற்றையும் கிணற்றையும் வெவ்வேறாகப் பார்க்கும் இப்பிரிவினை முகவரியோடு நின்றுவிடவில்லை. நாட்டின் பாசனப் பரப்பில் பாதிக்கு மேல் நிலத்தடி நீரை நம்பியிருந்தும், பொதுவிவாதம் இன்னும் அணைகளையே சுற்றி வருகிறது.

கிணற்றுப் பாசனம் விளைச்சலை உயர்த்துவது நீரின் அளவால் மட்டுமன்று. வேளையறிந்து பாய்ச்ச முடிவதால். கதிர் பால்பிடிக்கும் வாரத்தில் வாய்க்கால் முறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அவ்வுறுதிதான் உரத்துக்கும் நல்ல விதைக்கும் பணம் போடும் துணிவைத் தருகிறது; பயிரையும் மாற்றுகிறது. கொங்கு நாட்டில் சோளமும் கம்பும் விளைந்த காடுகள் பல மஞ்சளுக்கும் வாழைக்கும் தென்னைக்கும் மாறியது அவ்வாறே.

ஆனால் அங்கு அடியில் இருப்பது கடும்பாறை. நீர் தங்குவது அதன் விரிசல்களில். வறட்சியில் சோளத்தை விதைக்காமல் விடலாம், காய்க்கும் தென்னையை அப்படி விட இயலாது. ஆகவே ஆயிரம் அடி ஆழ்துளை, அது பொய்த்தால் இன்னொன்று. எக்டேர் விளைச்சல் கணக்கில் அச்செலவும் கடனும் தென்படா.

சட்டங்களும் இதைத் தொடவில்லை. பஞ்சாபின் 2009ஆம் ஆண்டுச் சட்டம் நெல் நடவின் நாளைத் தள்ளிவைத்தது, நெல்லை மாற்றவில்லை. தமிழகத்தின் 2003ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டம் 2013இல் நீக்கப்பட்டது. பாசனப் பயனை ஆய்பவர்கள் எக்டேருக்கான விளைச்சலோடு, இறைத்த நீருக்கான விளைச்சலையும் வறண்ட துளைகளின் எண்ணிக்கையையும் ஒரே அட்டவணையில் தர வேண்டும்.