தலைமையாசிரியர் மதிப்பீடு: ஆசிரியர்களையும் கேளுங்கள்

அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் எப்படிச் செயல்படுகிறார் என்பதை அவரே நிரப்பித் தரும் படிவத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அவரோடு பணிபுரியும் ஆசிரியர்களின் கருத்தையும் பெயர் கேட்காமல் பெற வேண்டும். அந்தக் கருத்தை இடமாறுதலுக்கோ ஒழுங்கு நடவடிக்கைக்கோ பயன்படுத்தவும் கூடாது. இரண்டும் சேர்ந்ததுதான் எங்கள் ஆசிரியர் அமைப்பின் நிலைப்பாடு. ஒன்றை விட்டு மற்றொன்றை ஏற்க மாட்டோம்.

தலைமையாசிரியரின் படிவம் மட்டும் ஏன் போதாது என்பதற்குப் பாடக்குறிப்பேட்டையே எடுத்துக்கொள்வோம். வாரத் தொடக்கத்தில் தலைமையாசிரியர் மேசையில் குறிப்பேடுகள் அடுக்கப்படுகின்றன. எமிஸ் (கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை) வருகைப் பதிவு, அலுவலகத்திலிருந்து வரும் அழைப்பு, சத்துணவுக் கணக்கு ஆகியவற்றுக்கு நடுவே ஒவ்வொன்றையும் புரட்டிக் கையெழுத்திடுகிறார். கற்பித்தலை மேற்பார்வையிட்டதாக மனதார நம்புகிறார். ஆசிரியரைக் கேட்டால், "சார் கையெழுத்துப் போட்டார், வகுப்புக்கு வரவில்லை" என்பார். இருவர் சொல்வதும் பொய்யில்லை.

இந்த இடைவெளி நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் கல்வி ஆய்வாளர் பிலிப் ஹாலிங்கர் தலைமையாசிரியரின் செயல்பாட்டை அளக்க வடிவமைத்த வினாநிரலில் தலைமையாசிரியருக்கு ஒரு படிவமும் ஆசிரியருக்கு ஒரு படிவமும் உண்டு. அதைக் கொண்டு நடந்த ஆய்வுகள் பலவற்றில் தலைமையாசிரியர் தமக்கு இட்டுக்கொண்ட மதிப்பெண்ணே கூடுதல்.

இந்தியாவில் 2015-இல் வந்த ஷாலா சித்தி மதிப்பீட்டின் ஏழு களங்களில் ஒன்று பள்ளித் தலைமை. ஆனால் அதில் வெளி மதிப்பீடும் இருந்தாலும், அடிப்படை பள்ளி தனக்குத் தானே செய்துகொள்ளும் மதிப்பீடுதான். தலைமையாசிரியர் எதிரே அமர்ந்துகொண்டு, தலைமைக்கு மிகக் குறைந்த நிலையைக் குறியுங்கள் என்று எந்த ஆசிரியர் சொல்வார்?

பிடிக்காதவர்கள் பழிதீர்த்துக்கொள்வார்கள் என்ற அச்சம் தலைமையாசிரியர்களிடம் இருக்கிறது. நியாயமான அச்சம்தான். அதனால் ஆளைப் பற்றிக் கேட்காமல் செயலைப் பற்றிக் கேட்க வேண்டும். 'நல்ல தலைவரா?' என்ற கேள்வி வேண்டாம். 'இந்தப் பருவத்தில் உங்கள் வகுப்பில் ஒரு பாடவேளை முழுவதும் அமர்ந்து கவனித்தாரா? பிறகு அதைப் பற்றி உங்களோடு பேசினாரா?' என்று கேட்டால் விருப்பு வெறுப்புக்கு இடம் குறையும். ஈராசிரியர் பள்ளியில் பெயரை மறைப்பது வெறும் கேலிக்கூத்து. ஐந்து ஆசிரியர்களுக்குக் குறைவான பள்ளிகளை இதிலிருந்து விலக்க வேண்டும்.

பள்ளிக்கல்வித் துறைக்கும் இதில் பொறுப்பு உண்டு. தொடக்கப் பள்ளிகளில் எழுத்தர் கிடையாது. பாடமும் நடத்தி, பதிவேடும் எழுதி, கூட்டத்துக்கும் ஓடுபவர் தலைமையாசிரியர்தான். வகுப்புக்கு அவர் வரவில்லை என்று ஆசிரியர்கள் குறித்தால், அவருடைய நேரத்தை யார் எடுத்துக்கொண்டது என்பதற்குத் துறைதான் பதில் சொல்ல வேண்டும்.

வரும் கல்வியாண்டில் ஒரு மாவட்டத்தின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் மட்டும் இதைச் சோதித்துப் பார்க்குமாறு பள்ளிக்கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறோம். அதற்கு முன், வினாக்களின் வரைவை ஆசிரியர் சங்கங்கள், தலைமையாசிரியர் சங்கங்கள் ஆகிய இரு தரப்பிடமும் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும்.